ஹூக் டப்பாவில் வைத்த இயர்பட்ஸ்

தேவானைக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஓர் ஆசை பாக்கியிருந்தது. புருஷன் வீட்டில் இருக்கவேண்டும். அவள் பேசப் பேச அவர் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். அவ்வளவுதான். ஆனால் சுப்புராயன் பார்த்த வேலைக்கு அது நடக்கிற காரியமாக இல்லை. சினிமா ஷூட்டிங்குக்கு ஜெனரேட்டர் வேன் அனுப்புகிற கோடம்பாக்கத்துக் கம்பெனி ஒன்றில் அவர் ஆபரேட்டர். ஷூட்டிங் எங்கேயோ அங்கே வண்டி, வண்டி எங்கேயோ அங்கே அவர். பொள்ளாச்சி, காரைக்குடி என்று போனால் வாரக்கணக்கில் ஆளைப் பார்க்கமுடியாது. உள்ளூரிலேயே வேலை என்றாலும் விடியுமுன் கிளம்பிப் போய், வந்ததும் சோற்றைப் பிசைந்தபடியே கண் சொக்கிப்போவார்.

தேவானை பிறந்து வளர்ந்தது அடையாற்றங்கரையில். ஒரு வீட்டில் பேசினால் நாலு வீட்டிலிருந்து பதில் வரும் இடம் அது. கரையோரக் குடிசைகளை எடுத்தபோது அம்மாவும் தங்கைகளும் பெரும்பாக்கத்துக்குப் போய்விட்டார்கள். மந்தைவெளி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் இருந்த தேவானைக்கு, போய்ப் பார்த்துவரவே ஒரு முழு நாள் வேண்டியிருந்தது. பேச ஆளில்லாத குறைக்குத்தான் அவள் வேலைக்கே போனாள் என்றுகூடச் சொல்லலாம். தி.நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் ஜஹீதாவின் ரவிக்கைக் கடை. ஜஹீதா வெட்டித் தைப்பாள். தேவானை ஹூக் வைப்பாள், ஹெம்மிங் செய்வாள், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பாள். கை பாட்டுக்கு வேலை செய்ய, வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கலாம்.

ஒருநாள் சுப்புராயன் வேலையை விட்டுவிட்டு வந்தார். "முட்டி தேஞ்சுபோச்சு. வண்டி ஏறி எறங்க முடியல" என்றார். சம்பளம் போயிற்றே என்று தேவானை கவலைப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் அன்று கோழி வாங்கிக் குழம்பு வைத்தாள். இனி ஆள் வீட்டில்தான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் மகன் விக்கி அந்த டப்பியைக் கொண்டுவந்து கொடுத்தான். விக்கி வேளச்சேரியில் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான், ஏ.சி. சர்வீஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பா போனை எடுப்பதே இல்லை, எடுத்தாலும் சொல்வது ஒன்று, அவர் கேட்டுக்கொள்வது ஒன்று என்று அவனுக்குக் குறை. அதற்காக வாங்கிவந்த இயர்பட்ஸ் அது. சோப்பு டப்பி அளவில் ஒரு வெள்ளை டப்பி. உள்ளே இரண்டு குமிழ்கள். காதில் செருகிக்கொண்டால் போன் சட்டைப்பையிலேயே கிடக்கலாம். ரொம்ப விலையுள்ளதல்ல, ஏதோ பேர் தெரியாத கம்பெனி.

சுப்புராயன் அதைக் காதில் வைத்தவர்தான், பிறகு குளிக்கிற நேரம் தவிர எடுக்கவே இல்லை. சாப்பிடும்போதும் அது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கும்போதும் அது. தேவானை பஸ்ஸில் நடந்ததையும் கடையில் நடந்ததையும் சொல்லிக்கொண்டே வெங்காயம் நறுக்குவாள். அவர் தலையை ஆட்டுவார். தங்கை மகளுக்குப் பெண் பிறந்திருக்கிறது, மூன்றரைக் கிலோ என்று அவள் விரிவாகச் சொன்ன மறுவாரம், "யாருக்குக் கொழந்த?" என்று கேட்டார்.

"அதுல இன்னாத்தய்யா கேட்டுக்கினே கீறே, நாள் பூரா?" என்று ஒருநாள் குமிழைப் பிடுங்காத குறையாகக் கேட்டாள்.

"சும்மா... அது இதுன்னு ஓடும்" என்றார்.

நியூஸாக இருக்கும், பழைய பாட்டாக இருக்கும் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். நாலு கால் நாற்காலிக்கு ஐந்தாவது கால் போல அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த காலத்திலாவது, வந்தால் பேசலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. இப்போது வந்தும் ஆயிற்று.

சித்திரை வெயில் ஆரம்பித்த சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விக்கி வந்தான். இயர்பட்ஸோடு வந்த வயர், டேப் சுற்றி, முனை பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் செருகியிருந்த பழைய சார்ஜர், தொட்டால் சுட்டது.

"இத்த போய் வச்சிக்கினு கீறீங்களே, வூட்டக் கொளுத்தப் போறீங்களா?" என்று திட்டி, இரண்டையும் பிடுங்கிக் குப்பையில் போட்டான். தன் பையிலிருந்து ஒரு புது சார்ஜரை எடுத்துக் கொடுத்தான். அதன் வயருக்கு இரண்டு முனையிலும் ஒரே மாதிரி சின்ன வாய். எந்தப் பக்கத்தை எதில் செருகினாலும் சரி, எப்படித் திருப்பிச் செருகினாலும் சரி. அப்பாவின் போனில் போட்டுக் காட்டினான். சார்ஜ் குடுகுடுவென்று ஏறியது.

மறுநாள் இயர்பட்ஸில் சார்ஜ் தீர்ந்துபோயிற்று. சுப்புராயன் டப்பியைப் புது வயரில் செருகினார். எரியவேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. வயரைத் திருப்பிப் போட்டார். முனை மாற்றிப் போட்டார். ஊதினார். வேட்டி நுனியைத் திரித்து டப்பியின் வாயைத் துடைத்தார். அதே வயரில் போனைப் போட்டால் நன்றாக ஏறுகிறது; டப்பியைப் போட்டால் சவம் மாதிரி கிடக்கிறது. விக்கிக்குப் போன் போட்டு, அவன் சொன்னபடி டப்பியின் பட்டனை அழுத்திப் பிடித்துப் பார்த்தார். கீழ்வீட்டுக்காரரிடம் சார்ஜர் கேட்டு வாங்கிப் போட்டார். அதுவும் அதே மாதிரி இரண்டு சின்ன வாய் உள்ளது. எரியவில்லை.

"பேட்டரி பூடுச்சுப்பா. சீப்பான ஐட்டம், அவ்ளோதான் வரும்" என்றான் விக்கி.

அன்று முழுக்க சுப்புராயன் நிலைகொள்ளாமல் இருந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், டி.வி.யைப் போட்டார், அணைத்தார். பொம்மை உடைந்த பிள்ளை மாதிரி இருந்த அந்த முகத்தைப் பார்த்துத் தேவானைக்கே பாவமாகிவிட்டது. "குடு. தி.நகர்ல ரிப்பேர்காரன் நெறைய பேரு கீறான். காட்டிக்கினு வரேன்" என்று டப்பியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் மனதில் கள்ளம் எதுவும் இல்லை.

கடைக்குப் போனதும், ரிப்பேர்காரனிடம் போகுமுன் எதற்கும் ஒருதடவை பார்ப்போமே என்று, ஜஹீதா மெஷின் பக்கத்தில் போனுக்குப் போட்டிருந்த வயரைக் கழற்றி டப்பியில் செருகினாள். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

தேவானை கழற்றினாள். செருகினாள். மறுபடி எரிந்தது. ஜஹீதாவின் சார்ஜர் பழைய மாதிரி. அதில் செருகுகிற முனை அகலம், மறுமுனை மட்டும் சின்னது. ஜஹீதாவின் மகள் விட்டுவிட்டுப் போயிருந்த புது சார்ஜர் ஒன்று சுவரில் இருந்தது. அதன் வயருக்கு இரண்டு பக்கமும் சின்ன வாய். அதில் போட்டாள். எரியவில்லை. மறுபடி அகல முனைக்காரனில் போட்டாள். எரிந்தது.

டப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரியும் போகவில்லை. வயர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் அந்த மாதிரி வயரும் சார்ஜரும் குவித்து வைத்து விற்கிறார்கள். சாயங்காலம் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்து, டப்பியை ஹூக் டப்பாவுக்குள் பத்திரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

சாயங்காலம் கூட்டம். ஒரு கல்யாண வீட்டு ரவிக்கைகளை முடித்துக் கொடுத்துவிட்டு ஓடிப் பஸ்ஸைப் பிடித்ததில் மறந்துபோனாள். அதுவரைகூட அது மறதிதான்.

வீட்டுக்கு வந்தால், சுப்புராயன் வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தார். "இன்னா இவ்ளோ லேட்டு? டீ போட்டு வச்சேன், ஆறிப்போச்சு. இரு, சூடு பண்றேன்" என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் டீ போட்டு அவள் குடித்ததில்லை. எதிரில் உட்கார்ந்து, கடையில் இன்றைக்கு யார் வந்தார்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் பதிலுக்கு, பழனியில் லாட்ஜில் ரூம் இல்லாமல் ஜெனரேட்டர் வண்டியிலேயே படுத்ததையும், குரங்கு வந்து சட்டையைத் தூக்கிக்கொண்டு போனதையும் சொன்னார். தேவானை சிரித்ததில் டீ புரையேறிற்று.

"ரிப்பேர்காரன் இன்னா சொன்னான்?" என்று கேட்டார் கடைசியில்.

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"குடுத்துட்டு வந்துகீறேன். ஏதோ ஸ்பேர் வரணுமாம்" என்றாள்.

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது என்று பிற்பாடு அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததுண்டு. அது சரியல்ல. வாய் திறக்குமுன் ஒரு நொடி யோசித்தாள். அந்த ஒரு நொடி அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அப்புறம் வந்த நாட்கள் அவள் ஆசைப்பட்ட மாதிரியே இருந்தன. சுப்புராயன் பேசினார். அப்படிப் பேசினார். இத்தனை ஊர்க் கதையையும் எங்கே வைத்திருந்தார் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சாயங்காலமானால், "வா, பீச்சுக்குப் போலாம்" என்று பட்டினப்பாக்கம் கூட்டிப்போனார். மணலில் தள்ளி உட்காராமல், அலை வந்து காலைத் தொடுகிற இடத்தில் போய் உட்காருவார். அவளையும் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைப்பார். கடலைப் பார்த்துக்கொண்டு, இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி அவள் பேசுவாள். இருட்டினாலும் அவருக்கு எழுந்திருக்க மனசு வராது. வயசான காலத்தில் இப்படி ஒரு பாசமா என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஆனால் தினமும் அவள் வீட்டுக்குள் நுழைந்தவுடன் அவர் கேட்பது ஒன்று இருந்தது. "வந்துதா?"

"இன்னும் வரல."

கேட்கும்போது அவர் கண் அவள் பையின்மேல் இருக்கும். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் செருப்பைக் கழற்றுவாள். ஸ்பேர் வரவில்லை, கடைக்காரன் ஊருக்குப் போயிருக்கிறான், அவன் மச்சானுக்கு உடம்பு சரியில்லை. இல்லாத கடைக்காரனுக்கு இல்லாத மச்சானைப் படைத்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விக்கி போன் பண்ணி, "வேற ஒண்ணு ஆர்டர் போட்டுர்றேம்மா" என்றான்.

"அதெல்லாம் வேணாம். ரிப்பேருக்குக் குடுத்துகீறோம்ல. ஏன் தண்டம் அழுறே?" என்று அவள்தான் தடுத்தாள். கேட்டுக்கொண்டிருந்த சுப்புராயன் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹூக் எடுக்க டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். ஒரு துணித்துண்டில் சுற்றி அடியில் வைத்தாள். ஜஹீதா சும்மா இருப்பாளா? "ஏய், இன்னும் இங்கியே கெடக்குது? அன்னிக்கே என் வயர்ல எரிஞ்சுதே. எடுத்துக்கினு போய் குடேன் மனுசனுக்கு" என்றாள்.

"கொண்டு போறேங்க்கா."

"நீ வேணும்னே வச்சிக்கினு கீறியா?"

ஊசி தேவானையின் பெருவிரலில் ஏறிற்று. ஜஹீதா அதைப் பார்த்தாள். பிறகு, "ஒன் புருசன், ஒன் வூடு. ஆனா நல்லால்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தேவானை ஒவ்வொரு நாளும் நினைத்தாள். பஸ்ஸில் வரும்போது வார்த்தையைக்கூடச் சரிபண்ணிக்கொண்டு வருவாள். வீட்டுக் கதவு திறந்ததும் அவர் ஏதாவது பேச ஆரம்பிப்பார். இன்று ஒரு நாள், என்று தள்ளிப்போடுவாள். அவர் முகம் இளைத்துவருவதை அவள் பார்க்காமல் இல்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ஃபேனை எப்போதும் முழு வேகத்தில் வைக்கச் சொன்னார். மெட்ரோவுக்குத் தோண்டுகிற இடத்தில், மெஷின் போடுகிற கூச்சலில், தகர அடைப்பை ஒட்டி அவர் நின்றுகொண்டிருந்ததாகக் கீழ்வீட்டுக்காரர் சொன்னார். வேலை இல்லாத மனுஷன், வேடிக்கை பார்க்கிறார் என்று அவள் சமாதானம் செய்துகொண்டாள்.

ஜஹீதாவின் உறவில் ஒரு நிச்சயதார்த்தம் வந்தது. அன்று மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டார்கள். தேவானை வெயிலில் வந்து இறங்கியபோது ஹவுசிங் போர்டு முழுக்க கரண்ட் இல்லை. மூன்றாவது மாடிக்கு ஏறும்போதே பக்கத்து வீட்டுப் பெண் சண்டைக்கு நின்றாள். "இன்னாக்கா, டேங்கு தண்ணி மொத்தமும் உங்க வூட்லியே போவுது! கதவைத் தட்டினா தொறக்கவும் மாட்டேன்றாரு!"

கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளே பாத்ரூமில் குழாய் முழுசாகத் திறந்திருந்தது. வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் ஹாலுக்கே வந்துவிட்டது. சுப்புராயன் ஈரத்தரையில் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, தலையை வாளிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வேட்டி நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது.

அவள் பாய்ந்து குழாயை மூடினாள். "இன்னாய்யா பண்ணிக்கினு கீறே?"

"மூடாத." அவர் அவள் கையைப் பிடித்தார். "கொஞ்ச நேரம், தேவானை. கரண்ட் பூடுச்சு, ஃபேன் நின்னுபோச்சு. தண்ணி சத்தத்துல அது கேக்கல."

"எது?"

"அதான், காதுல அடிக்கிற விசிலு."

அவள் புரியாமல் நின்றாள்.

"ரெண்டு காதுலயும் அடிக்குது. நிக்கவே மாட்டேங்குது. வெளிய சத்தம் இருந்தா தேவல. சும்மா இருந்தா மண்ட பொளந்துரும்போல கீது." இடது உள்ளங்கையால் காதின்மேல் பட்பட்டென்று அடித்துக்கொண்டார். "எத்தினி வருசம் அந்த ஜெனரேட்டர் பக்கத்துலயே குந்திகினு இருந்தேன். அதோட வேல இது. கம்பெனில போன் அடிச்சா கேக்கல, கூப்ட்டா கேக்கல. அப்பறம் எப்டி வேலைக்கு வச்சிக்குவான்?"

"முட்டி வலின்னு சொன்னியே?"

"இன்னான்னு சொல்றது? காது போச்சுன்னா?"

"எங்கையிலகூட சொல்லலியேய்யா!"

சுப்புராயன் நிமிர்ந்து பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது. "சொன்னேனே" என்றார்.

சொன்னார்தான். தேவானைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எப்போதோ ஒரு தீபாவளிச் சமயம். வீட்டுக்கே மூட்டை கட்டி எடுத்துவந்த ரவிக்கைகளுக்கு அவள் ஹூக் வைத்துக்கொண்டிருந்தாள். காதுல சதா விசிலடிக்கிற மாதிரி கீது என்றார் அவர். எனக்குந்தான் காதுல தையல் மெஷினு ஓடிக்கினே கீது, போய்ப் படு என்று தலையைத் தூக்காமல் சொன்னாள். அவர் போய்ப் படுத்தார். அதற்கப்புறம் சொல்லவில்லை.

"அந்த ப்ளூடூத்துல இன்னா கேட்டுக்கினு இருந்தே?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கக் கேட்டாள்.

"மழ" என்றார். "பெரியாஸ்பத்திரில காது பாக்கிற பொண்ணு ஒண்ணு போன்ல போட்டுக் குடுத்துச்சு. நாள் பூரா மழ பேஞ்சிக்கினே இருக்கும். அது காதுக்குள்ளயே ஓடினா விசிலு கொஞ்சம் அமுங்கும். போன வெளிய வச்சிப் போட்டா சத்தம் பத்தல."

தேவானை அவருக்குப் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, பக்கத்து வீட்டுக்காரி என்ன கத்தினாலும் சரி என்று, குழாயை மெல்லிசாகத் திறந்துவிட்டாள்.

டப்பி பூட்டிய கடைக்குள் இருந்தது. சாவி ஜஹீதாவிடம். ஜஹீதா நிச்சயதார்த்தத்தில். அன்று சாயங்காலம் அவளே அவரைப் பட்டினப்பாக்கத்துக்குக் கூட்டிப்போனாள். அலைக்குப் பக்கத்தில், அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தோள் தளர்ந்தது. இத்தனை நாளும் இந்த மனுஷன் தன்னோடு உட்கார வரவில்லை, இந்தச் சத்தத்தோடு உட்கார வந்தார் என்று தெரிந்தபோது அவளுக்கு அவமானமாக இல்லை. அவமானப்படுகிற யோக்கியதைகூடத் தனக்கு இல்லை என்றே தோன்றிற்று. டீ போட்டது, குரங்கு கதை, பொள்ளாச்சி கதை எல்லாம் அந்த விசிலை அமுக்க அவர் போட்ட சத்தம். அதைக் கேட்டு அவள் சிரித்திருக்கிறாள். இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று நீட்டியிருக்கிறாள்.

மறுநாள் கடை திறந்ததும் டப்பியை ஜஹீதாவின் வயரில் போட்டாள். மத்தியானம் பாண்டி பஜாரில் அகல முனை வயரும் அதற்கேற்ற சார்ஜரும் வாங்கினாள். லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

சுப்புராயன் இரண்டு குமிழையும் காதில் செருகிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். பிறகு வலது காதுக் குமிழை எடுத்து அவள் காதில் வைத்தார். ஓட்டின்மேல் சடசடவென்று மழை. தூரத்தில் எங்கோ ஓர் இடி.

"கேட்டியா?" என்றார். முகம் மலர்ந்திருந்தது. "இன்னா பண்ணான் ரிப்பேர்காரன்?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை. "இந்த மாதிரி அகல வாய் வயர்லதான் போடணுமாம். புது வயருக்கு ஏறாதாம்" என்றாள்.

"கில்லாடிய்யா அவன்" என்றார் சுப்புராயன். "நேர்ல பாத்து ஒரு வார்த்த சொல்லணும்."

வாய்ப்பேச்சு என்று அவள் விட்டுவிட்டாள். மறுநாள் காலையில் அவள் கிளம்பும்போது, அவரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். கையில் ஸ்வீட் கடைப் பெட்டி. "பாதுஷா. அரைக் கிலோ. வா, போலாம்."

"வேணாம்யா, வெயிலு. நான் குடுத்துர்றேன்."

"உசுரு குடுத்தவன். நான் குடுத்தாத்தான் மரியாத."

பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அவர் தனக்கு எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் பெட்டி. ஒரு காதில் மட்டும் குமிழ். லஸ் தாண்டியது. ஆழ்வார்பேட்டை தாண்டியது. தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றபோது தேவானை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"யோவ். ரிப்பேர்காரன்னு யாரும் இல்ல."

"இன்னா?"

பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் அவர் காதருகே குனிந்து மறுபடி சொன்னாள்.

"ரிப்பேர்காரன் ஊர்ல இல்லியா?" என்றார் அவர், பெட்டியைப் பார்த்துக்கொண்டு. "பரவால்ல, கடப் பையன்கிட்ட குடுப்போம்."

"இல்லய்யா!" தேவானை கத்தினாள். "ரிப்பேர்காரனே கெடையாது! நான் பொய் சொன்னேன். அது கெடவே இல்ல. மொத நாளே ஜஹீதாக்கா வயர்ல எரிஞ்சுது. நான்தான் கடையில ஒளிச்சு வச்சிக்கினேன்!"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முன் சீட்டுக் குழந்தைகூடத் தாயின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தது. சுப்புராயன் காதிலிருந்த குமிழை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"மொத நாளேவா?"

அவள் தலையை ஆட்டினாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பனகல் பார்க்கில் இறங்கி முன்னால் நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் வழி விசாரித்து ஜஹீதாவின் கடைக்கே போனார். பாதுஷா பெட்டியை மெஷின் பலகைமேல் வைத்தார்.

"உன் வயர்லதான் எரிஞ்சுதாமே. எடுத்துக்கோம்மா."

ஜஹீதா பெட்டியையும் அவரையும், வாசலில் நின்ற தேவானையையும் பார்த்தாள். "குந்துங்கண்ணே, டீ சொல்றேன்" என்றாள். "இல்லம்மா" என்று கும்பிட்டுவிட்டு அவர் போய்விட்டார். அன்று தேவானையால் ஊசியில் நூல் கோக்கவே முடியவில்லை. ஜஹீதா வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

வீட்டில் அவர் அவளோடு பேசவில்லை. சண்டையும் போடவில்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டார். மழையைக் காதில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். டப்பி தீர்ந்துபோகாமல் அவளே பார்த்துப் பார்த்து அகல முனை வயரில் போட்டு வைத்தாள். ஒரு அறை கொடுத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விக்கி வந்தான். அகல முனை வயரில் டப்பி எரிவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "அட, இதான் மேட்டரா! புது சார்ஜரு கேட்டாத்தான் கரண்ட் குடுக்கும்பா. இந்த மாதிரி சீப் ஐட்டத்துல, கேக்கறதுக்கு ஒரு சின்னப் பார்ட்டு வைக்கணும், அத்த வைக்காம வுட்டுர்றான். பழைய சார்ஜரு கேக்காமலே குடுத்துக்கினு இருக்கும். எனக்கே தோணல பாரு. யாரு கண்டுபுடிச்சது?"

தேவானை அடுப்படியில் அசையாமல் நின்றாள்.

"உங்கம்மாதான்" என்றார் சுப்புராயன்.

"சூப்பர்ம்மா!" என்றான் விக்கி. அவள் மிளகாய் கிள்ளுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

அவன் போன பிறகு அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். காதில் ஒன்றும் இல்லை.

"ஏன் தேவானை?"

"நீ பேசினே" என்றாள். "அது நின்னுடும்னு பயந்துட்டேன்."

அவர் யோசித்தார். "விசிலுக்கு பயந்துதான் பேசினேன்."

"தெரியும்."

"மொதல்ல அப்டித்தான். அப்பறம் அந்தக் கொரங்கு கதையச் சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு வந்துச்சே. அது எதுல சேர்த்தி, தெர்ல." நிலைப்படியில் சாய்ந்துகொண்டார். "ஆனா நீ பண்ணது ரொம்ப தப்பு."

"ஆமா" என்றாள்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து, அவள் வேலையிலிருந்து வந்ததும் ஒரு குமிழை எடுத்து டப்பியில் வைத்துவிட்டு, அந்தக் காதை அவள் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். சில நாள் பேசினார். சில நாள், "இன்னிக்கு ஜாஸ்தியா அடிக்குது" என்று இரண்டையும் போட்டுக்கொண்டார். அப்போது அவள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் ஹெம்மிங் செய்தாள்.

அடுத்த தடவை அவர் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது, லீவு போட்டு அவளும் கூடப் போனாள். காது பார்க்கிற பெண், கனிவான சின்னப் பெண், அவரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, பெரிய ஹெட்போன் மாட்டிவிட்டுக் கதவை மூடினாள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்கவேண்டும், அவ்வளவுதான் என்று தேவானைக்கு விளக்கினாள். பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்தினாள்.

வெளியில் எந்தச் சத்தமும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுப்புராயன் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஆரம்பத்தில் விரல் உயர்ந்தது. மறுபடி உயர்ந்தது. அப்புறம் அந்தப் பெண் அழுத்தினாள், திருகினாள், இன்னும் திருகினாள், மறுபடி அழுத்தினாள். அவர் கவனமாகக் காத்திருந்தார், கண்ணைக்கூட இமைக்காமல். கை முழங்கால்மேலேயே கிடந்தது. தேவானை கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.